கன்னத்துக்கும் கைக்கும் நடுவே

அந்தப் படத்தை மேடம் முதன்முதலாக எனக்குக் காட்டியபோது என் வாயில் வந்தது இதுதான்: "ஐயோ பாவமே, யாரு பெத்த பொண்ணோ, வீட்டுல என்ன ஆச்சோ!"

தமிழில் சொன்னதால் பிழைத்தேன். மேடத்துக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அழகாக இருக்கிறாளா என்று அரபியில் கேட்டார். ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டினேன். சம்பளம் கொடுக்கிறவர் கேட்டால் சுவரில் பூத்த பூஞ்சைகூட அழகுதான்.

தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். அதில் ஒரு பக்கம் முழுக்க அவள்தான். வெள்ளை வெளேரென்று ஒரு ஐரோப்பியப் பெண். தோளிலிருந்து கால்வரை வழிகிற வெள்ளை அங்கி, மார்புக்குக் கீழே ஒரு நாடா, கொண்டையைச் சுற்றி இன்னொரு நாடா. பின்னால் ஒரு கல்தூண். பக்கத்தில் இருக்கும் கல்மேடையில் முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு கீழே எதையோ பார்க்கிறாள். பார்க்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாணி இது என்றார் மேடம். பழைய கிரேக்கச் சிலைகளைப் பார்த்துப் பார்த்து அந்த மாதிரியே வரைந்தார்களாம். இந்தப் படங்களில் யாரும் கத்த மாட்டார்கள், கண்ணைக் கசக்க மாட்டார்களாம். தன் நெற்றியை விரலால் தொட்டுக் காட்டி, "யோசிக்கிறாள். நிம்மதியாக யோசிக்கிறாள்," என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை அப்படி உட்கார்ந்தால் அதற்குப் பெயர் யோசனை இல்லை. எழவு வீட்டில் பிணம் எடுத்த பிறகு உட்காருகிற உட்காரல் அது. சின்ன வயதில் சோறு வேகட்டும் என்று காத்திருக்கும்போது தெரியாத்தனமாகக் கன்னத்தில் கை போனால் முதுகில் ஒன்று விழும். "எடுடி கையை! குடும்பம் விளங்குமா?" அப்படி அடி வாங்கி வளர்ந்தவள் நான். என் மகளையும் அதே அடி கொடுத்துத்தான் வளர்த்தேன். ஆகவே அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு நிம்மதி எதுவும் வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். அபுதாபியில் அந்த வீட்டுக்கு நான் வேலைக்கு வந்து நாலாவது வருஷம். மாடியும் கீழுமாகப் பதினோரு அறை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்தால் மத்தியானம் இரண்டு மணிவரை உட்காருவது என்ற பேச்சே கிடையாது. இரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கப் போவார்கள். அந்த இரண்டு மணி நேரம் மட்டும் சமையலறைக்குப் பக்கத்து அறையில், துணி துவைக்கும் மெஷினுக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவே பாயை விரித்துக் காலை நீட்டுவேன். அதுதான் என் சொத்து.

அந்தச் சொத்தைத்தான் மேடம் கேட்டார். அவர் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள், பொழுது போகவில்லை. பெண்கள் கிளப்பில் ஓவியம் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தார். வருகிற கண்காட்சிக்கு இந்தப் படத்தைப் பெரிதாக வரைந்து வைக்க வேண்டும் என்று ஆசை. புத்தகத்தைப் பார்த்து முகம் வரைந்துவிடலாம், துணியின் மடிப்பும் கையும் உயிரோடு ஒரு ஆளைப் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்களாம். தன் மகளைக் கேட்டிருக்கிறார். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது நான்.

எனக்கு அப்போது வேறு கவலை. ஊரில் என் மகளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

தலைப்பிரசவம். தலைப்பிரசவம் என்றால் எங்கள் ஊரில் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் அம்மாக்காரி வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். பிள்ளை பிறக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் அவள் நிற்க வேண்டும், பிறந்த பிறகு வெந்நீர் ஊற்ற வேண்டும், மூன்று மாதம் பக்கத்தில் படுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆயிற்று. அவர் போன பிறகு இந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கத்தான் நான் விமானம் ஏறினேன். கல்யாணத்துக்கு இருபது நாள் லீவில் போய் வந்தேன். வளைகாப்புக்குப் போக முடியவில்லை, எனக்குப் பதில் என் அண்ணி நின்று வளையல் போட்டாள். அத்தோடு சரி. மகளைக் கூட்டிக்கொண்டு போகத் தாய்வீடு எங்கே இருக்கிறது? பூட்டிக் கிடக்கிறது. சாவி அபுதாபியில் என் தகரப் பெட்டிக்குள், ஒரு பழைய சேலை மடிப்பில் இருந்தது.

மகள் மாமியார் வீட்டிலேயே இருந்தாள். அவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் வருகிறவர் போகிறவர் எல்லாம், "என்ன, இன்னும் அம்மா வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்பார்களாம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் கார்டைச் சுரண்டிப் பேசுவேன். "எப்பம்மா வருவ?" என்பாள். அதைத் தவிர அவள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. வலி எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்து, பூட்டைத் திறந்து, வீட்டைக் கழுவி, அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இதுதான் என் கணக்கு. இதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் கிடையாது.

மேடத்திடம் லீவு கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ், பாட்டியாகப் போகிறாய்!" என்று என் தோளைத் தட்டினார். டாக்டர் என்ன தேதி சொன்னார் என்று கேட்டார். ஐந்து வாரம் இருக்கிறது என்றேன். "எனக்குப் பத்து நாள் போதும். படம் கலாஸ் ஆனதும் மறுநாள் டிக்கெட்," என்றார். கலாஸ் என்றால் முடிந்தது. அந்தத் தேசத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அதுதான். பத்து நாள்தானே, உட்காருகிற வேலைதானே என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன். அடி அசடே என்று இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

படம் வைக்கிற முக்காலியை டிரைவர் அண்ணன் முசஃபாவில் ஒரு தச்சுப்பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கி வந்தார். அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். அந்த வீட்டில் நான் தமிழ் பேச இருந்த ஒரே ஆள். மாடியில் வடக்கு ஜன்னல் அறையை ஒழித்தோம். கல்மேடைக்குப் பதிலாக ஹாலில் இருந்த பளிங்கு மேஜை வந்தது. அங்கிக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை என் மேல் சுற்றி அங்கங்கே ஊக்கு குத்தினார் மேடம். வீட்டுக்காரர் போனபோதுகூட வெள்ளை கட்டமாட்டேன் என்று சொந்தக்காரர்களோடு மல்லுக்கு நின்றவள் நான். கடல் தாண்டி வந்து கட்டிக்கொண்டேன்.

"முழங்கையை இங்கே வை. கன்னத்தை இப்படிச் சாய்," என்றார்.

முழங்கையை வைத்தேன். உள்ளங்கையை முகத்துப் பக்கம் கொண்டு போனேன். அங்கே நின்றது கை. சத்தியமாக நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஊரில் இருக்கிறாள், பெற்றவள் இங்கே கன்னத்தில் கை வைத்து உட்காருவதா? அதுவும் ஒரு நாளா, பத்து நாள். அதையும் படமாக வரைந்து மாட்டப் போகிறார்கள்.

மேடம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் கன்னத்தில் பொருத்திவிட்டுப் போனார். அவர் திரும்பி நடந்து முக்காலிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு நெல் அளவுக்குக் கையை விலக்கிக்கொண்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று எனக்கு நினைப்பு. கன்னத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு நெல். தொடவில்லை அல்லவா? தொடாவிட்டால் தோஷம் இல்லை. மாரியாத்தாளுக்குத் தெரியும்.

கன்னத்தைத் தாங்காத கையைக் கன்னத்தருகே இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். முதலில் மணிக்கட்டு மரத்துப்போகும். பிறகு தோள்பட்டையில் ஒரு குடைச்சல். தலையையும் தாங்க ஆளில்லாமல் கழுத்து வெடவெடக்கும். கீழே இறங்கினால் சாயங்கால டீ, கோழி உரிப்பு, பாத்திரம், இஸ்திரி. "அக்கா, உங்களுக்கென்ன, ராணி மாதிரி மாடியில உக்காந்திருக்கீங்க," என்று டிரைவர் அண்ணன் கிண்டல் செய்வார். "வாங்க, வந்து நீங்க உக்காருங்க," என்பேன். உட்காருவதைப் போல ஒரு கேடுகெட்ட வேலை இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு வாரத்தில் துணி முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, மேடம் நன்றாகவே வரைந்தார். படுக்கை விரிப்பின் மடிப்பெல்லாம் தொட்டால் கசங்கும் போல இருந்தது. புத்தகத்தைப் பார்த்து முகத்தையும் வரைந்துவிட்டார். தூணும் வந்துவிட்டது. கை மட்டும் வரவில்லை.

வரைவார், இரண்டடி பின்னால் போய்ப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். ஒரு சின்னக் கத்தியால் சுரண்டி எடுப்பார். மறுநாள் மறுபடி வரைவார். மறுபடி சுரண்டுவார். "ஏனோ கை முகத்தோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. பல்வலிக்காரி மாதிரி இருக்கிறாள்," என்று தன்னைத்தானே நொந்துகொள்வார். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். பத்து நாள் பதினைந்தாயிற்று. பதினைந்து இருபதாயிற்று.

மேடம் கெட்டவர் என்று யாரும் நினைக்கக்கூடாது. என் கை வலிக்கிறதோ என்று ஒரு நாள் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். ஜூஸ் ஊற்றித் தருவார், அந்த வீட்டில் எனக்கு இன்னொருவர் ஊற்றிக் கொடுத்த ஜூஸ் அது ஒன்றுதான். தன் பழைய மொபைலைக் கொடுத்து, "மகள் கூப்பிட்டால் எடு, வேலை நேரமானாலும் எடு," என்றார். ஆனால் நான் இப்போது ஊருக்குப் போய்விட்டு வந்து மறுபடி உட்காருகிறேனே என்று கெஞ்சியபோது மட்டும், "பாதியில் விட்டுவிட்டா? ஒரு வாரம், ஒரே வாரம்," என்றார். என் பாஸ்போர்ட் மேடத்தின் வீட்டுக்காரர் அலமாரியில் இருந்தது. மேடம் சொன்னால்தான் அது வெளியே வரும். அதற்கு மேல் நான் என்ன பேச?

ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். என் கிச்சன் அரபியிலும் கையசைப்பிலுமாக, கன்னத்தில் கை வைத்தால் எங்கள் ஊரில் ஆகாது, மகள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று விளக்கினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஹராம் என்றார். கையால் எதுவும் ஆவதில்லை, எல்லாம் மேலே இருக்கிறவன் எழுதியது, இப்படி நம்புவதே பாவம் என்றார். சொன்னது சரிதான். தன் பேரனுக்குக் கண்ணு படாமல் இருக்கச் சட்டைக்குள் நீலமணி குத்தி அனுப்புகிறவரும் அவர்தான். அந்த மணியை வாரம் ஒரு சட்டையிலிருந்து கழற்றி இன்னொரு சட்டையில் குத்துகிறவள் நான். அதை நான் கேட்கவில்லை. அவர் பயம் அவருக்கு, என் பயம் எனக்கு.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டேன். முந்தைய நாள் விருந்து, நாற்பது பேர் சாப்பாடு. கண்ணைத் திறக்கும்போது என் முகம் முழுசாக என் உள்ளங்கையில் கிடந்தது. தேள் கொட்டியது போல எழுந்தேன், ஊக்கு பிய்ந்து விரிப்பு சரிந்தது. மேடம் போன் பேச வெளியே போயிருந்தார். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, தெரியாது. கீழே ஓடினேன். தூசி துடைக்கிற மஞ்சள் துணியில் ஒரு புதுசை எடுத்துக் கிழித்து, ஒரு திர்ஹாமை வைத்து முடிந்து, ஆத்தா, தெரியாமல் பட்டுவிட்டது, என் பொண்ணுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, வந்து உன் உண்டியலில் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு தகரப் பெட்டியில் வீட்டுச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊரில் என்றால் மஞ்சளில் நனைத்த துணி. இங்கே மேஜை துடைக்கிற துணி. ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் டீ குடிக்க வந்த டிரைவர் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா நீங்க! கையக் கன்னத்துல வெச்சுத் தொலைச்சா ரெண்டு நாள்ல படம் முடிஞ்சிரும். மூணாம் நாள் நீங்க பிளைட்ல இருப்பீங்க. இதுக்குப் போயி இப்படி முரண்டு பிடிச்சுக்கிட்டு..."

"உங்க வீட்டுப் பொண்ணு ஒம்பது மாசமா இருந்தா, உங்க சம்சாரத்த வெக்கச் சொல்லுவீங்களா?"

அவர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். பிறகு, "வேண்டாம்க்கா. வெக்காதீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எனக்கும் தெரியாமல் இல்லை. கையை வைத்தால் வீட்டுக்குப் போகலாம். வைக்காவிட்டால் இங்கேயே கிடக்க வேண்டும். வைத்தால் மகளுக்கு என்ன ஆகுமோ, வைக்காவிட்டால் மகள் தனியாகத் தவிப்பாளே. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு நெல் இடைவெளியைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன். நாளைக்கு வைத்துவிடலாம் என்று பாயில் படுக்கும்போதெல்லாம் முடிவு செய்வேன். மறுநாள் பளிங்கு மேஜை முன்னால் உட்கார்ந்தால் அவள் வயிறுதான் கண்ணுக்கு முன்னால் வரும். அவள் வயிற்றில் கை வைத்து நான் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. ஒரு தடவை கூடத் தொடாத வயிற்றுக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று தோன்றும். கையை விலக்கிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை மகளிடம் பேசும்போது, "இன்னும் ரெண்டு மூணு நாளுதான்டா," என்றேன்.

"போன வாரமும் இதத்தாம்மா சொன்ன."

"இல்லடா, படம் முடியப் போவுது. கை மட்டும்தான் பாக்கி."

"என்ன படம்? யாரு கை?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல வெட்கமாக இருந்தது. அது ஒரு வேலை, விடு என்றேன். கால் வீங்கியிருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கார்டு தீர்ந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை. நாலாவது வாரத்தின் கடைசி. மேடம் இன்னும் மாடிக்கு வரவில்லை. நான் முன்னாலேயே போய் விரிப்பைச் சுற்றிக்கொண்டு, ஊக்குகளைக் குத்திக்கொண்டு நின்றேன். அதற்குள் எனக்கு அது பழகிப்போயிருந்தது. இடுப்பில் சொருகியிருந்த மொபைல் அடித்தது. மகளின் நம்பர். எப்போதும் மிஸ்டு கால் கொடுத்துவிட்டு வைத்துவிடுவாள், நான்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். அன்றைக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா."

"என்னடா, கொரலு ஏன் இப்படி இருக்கு?"

"பொறந்திருச்சும்மா. நேத்து சாயங்காலம். பொண்ணு."

நின்றுகொண்டிருந்தவள் எதையோ பிடித்துக்கொண்டேன். பளிங்கு மேஜை என்று நினைக்கிறேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"நீ நல்லா இருக்கியா? புள்ள நல்லா இருக்கா?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். ரெண்டே முக்கா கிலோ. தலை நெறைய முடி."

"ஏன்டி நேத்தே சொல்லல?"

"சொல்லி என்னம்மா பண்றது? நீ அங்க கெடந்து தவிப்ப." கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வலி ரொம்பவா இருந்துச்சு?"

"இருந்துச்சும்மா. எனக்கே தெரியாம அம்மா அம்மான்னு கத்திட்டேன் போல. அந்த நர்சக்கா பாவம், கதவத் தொறந்து, இந்தப் பொண்ணோட அம்மா யாரு, உள்ள வாங்கன்னு கூப்பிட்டிருக்கு. யாரும் எந்திரிக்கல. மறுபடியும் ஒரு தடவ கூப்பிட்டுட்டு வந்துருச்சு." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

"இந்த வாரத்துல வந்துடறேன்டா. எப்படியாவது வந்துடறேன்."

"இனிமே என்னம்மா அவசரம்? எல்லாந்தான் முடிஞ்சிருச்சே. அத்தை பாத்துக்கிறாங்க. நீ உன் வேலையெல்லாம் முடிச்சிட்டு நிதானமா வா." பின்னாலிருந்து ஒரு அழுகைச் சத்தம் கேட்டது, பூனைக்குட்டி மாதிரி. "அழுவுதும்மா, வெச்சிடறேன்," என்று வைத்துவிட்டாள்.

உட்கார்ந்தேன். எங்கே உட்கார்ந்தேன், எப்படி உட்கார்ந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். தாயும் பிள்ளையும் நல்லா இருக்கிறார்கள், இதற்குத்தானே இத்தனை நாள் வேண்டினேன்? சந்தோஷம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அசதிதான் வந்தது. நாலு வருஷத்து அசதியும் சேர்ந்து வந்து மேலே உட்கார்ந்தது போல இருந்தது. பெட்டியில் கிடக்கிற சாவியை நினைத்தேன். அதை இனி யாருக்காக அவசரமாகத் திறக்க? அந்த நர்சை நினைத்தேன். அவள் கதவைத் திறந்து கூப்பிட்ட நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். நேற்றுச் சாயங்காலம். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே மூன்று, மூன்றரை. இந்த அறையில், இந்த இடத்தில், இந்தக் கையைக் கன்னத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோள்பட்டை கழன்று விழுகிற வலியோடு, என் பொண்ணுக்கு நல்லது செய்கிறேன் என்று நம்பிக்கொண்டு. அவள் கூப்பிட்டிருக்கிறாள், நான் எழுந்திருக்கவில்லை.

"லா! லா! அசையாதே!"

மேடத்தின் குரல். எப்போது வந்தார் என்று தெரியாது. கதவருகிலிருந்து முக்காலிக்கு ஓடினார், செருப்பைக்கூட வழியிலேயே விட்டுவிட்டார். "அப்படியே இரு. கடவுள் புண்ணியத்தில் அப்படியே இரு," என்று சொல்லிக்கொண்டே சாயத்தைப் பிதுக்கினார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, என் முழங்கை பளிங்கு மேஜையில் இருக்கிறது, கன்னம் முழுக்க உள்ளங்கையில் கிடக்கிறது. நடுவில் நெல் இல்லை, ஒரு மயிரிழைகூட இல்லை. எடுத்துவிட வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது. பச்சைப் பிள்ளையும் பச்சை உடம்புக்காரியும் இருக்கிற குடும்பம், இப்போதுதான் முக்கியமாக எடுக்க வேண்டும். கைக்குத்தான் அது புரியவில்லை. தலையைத் தாங்க யாராவது வேண்டியிருந்தது. அந்த அறையில் என் கையை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

மேடம் சுரண்டவில்லை. பின்னால் போய்ப் பார்க்கவில்லை. உதட்டைப் பிதுக்கவில்லை. ஒரு மணி நேரம், அதற்குக் கொஞ்சம் கூட இருக்கலாம், பிரஷின் சத்தம் மட்டும் கேட்டது. நாலு வாரம் வராத கை ஒரே மூச்சில் வந்துவிட்டது. முதல் நாளே இப்படி வைத்திருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும். என் வீடு திறந்திருக்கும். அந்த நர்சு கூப்பிட்டதும் நான் எழுந்து உள்ளே போயிருப்பேன். எவ்வளவு கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் இதுதான் வந்தது.

கடைசியில் மேடம் பிரஷைத் துடைத்துக் கீழே வைத்தார். கிட்டே வந்து என் தோளில் கை போட்டு, என்னை எழுப்பி, படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். முகம் அந்த ஐரோப்பியப் பெண்ணுடையது. கை என்னுடையது. அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பை மட்டும் விட்டுவிட்டிருந்தார்.

"பார்த்தாயா, எவ்வளவு நிம்மதியாக இருக்கிறாள்!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அவ்வளவு சந்தோஷம். "என்ன யோசித்துக்கொண்டிருந்தாய்?"

"ஒண்ணும் இல்ல, மேடம்."

"அதுதான். அதுதான் எனக்கு வேண்டியது," என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். "கலாஸ். நாளைக்கு டிக்கெட். இப்போது நீ உன் மகளிடம் போகலாம்."